பாய் டிக்

போன வாரம் ரம்யா போன் செய்தாள். நான் வேலை பார்த்த கம்பெனியில், நான் உட்கார்ந்த அதே மேஜையில் இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள். “சார், புது வெர்ஷன் ஏத்துன நாள்லேந்து சாஃப்ட்வேர் அடிக்கடி தொங்குது. பாதி வேலையில தானா மூடிக்கிடுது. பழசுக்கே திரும்பிரலாமான்னு பாக்கேன். நீங்க என்ன சொல்லுதீய?” என்று கேட்டாள்.

“பொறவு கூப்பிடுதேம்மா” என்று வைத்துவிட்டேன். அவள் என்னைப் பற்றி என்ன நினைத்தாளோ தெரியாது. ஓய்வு பெற்ற மனிதர், மறந்து போயிருப்பார் என்று நினைத்திருக்கலாம். மறந்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும். அவளுக்குப் போனில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் காசிம். மேலப்பாளையத்துக்காரன். வாப்பா தறி நெய்தார். என்னையும் தறியில் உட்கார வைக்கப் பார்த்தார். நான் பாலிடெக்னிக்கில் போய் உட்கார்ந்துகொண்டேன். டிப்ளமோ முடித்து, இரண்டு மில்களில் ஃபியூஸ் மாற்றி, மோட்டார் காயில் எரிந்த நாற்றம் சட்டையில் ஏறி, கடைசியில் திருநெல்வேலி டவுணில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். ரத வீதியில் ஜவுளிக்கடை மாடியில் ஆபீஸ். பண்டிகை நாட்களில் எங்கள் படிக்கட்டிலும் புடவைக் கூட்டம் உட்கார்ந்திருக்கும். அங்கேயே முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன்.

எங்கள் வேலை கன்ட்ரோலர் வேலை. கன்ட்ரோலர் என்பது செங்கல் அளவில் ஒரு பெட்டி. ஒரு பம்பு ஹவுஸில் எந்த மோட்டார் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பெட்டிக்குள் எழுதி வைத்தபடி நடக்கும். லேப்டாப்பில் ஒரு மென்பொருள் இருக்கும். அதில் நாங்கள் புரோகிராம் எழுதி, பெட்டிக்கு அனுப்புவோம். தாமிரபரணிக் கரையில் உள்ள குடிநீர் பம்பு ஹவுஸ்கள் சிலவற்றை நாங்கள் பார்த்துக்கொண்டோம். ஆற்றுத் தண்ணீர் அங்கிருந்து குழாயில் ஏறி, ஆறு எட்டிப் பார்க்காத செம்மணல் தேரிக்காட்டு ஊர்கள்வரை போகும்.

மேலாளர் சங்கரலிங்கம் சார். நெற்றி நிறைய திருநீறு, அரைக்கை வெள்ளைச் சட்டை. முப்பது வருடத்தில் அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தப்பு நடந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு நம் பக்கத்தில் உட்காருவார். “நீரு கண்ணால பாத்தீரா, இல்ல யாரும் சொன்னாங்களா?” என்று மட்டும் கேட்பார். சொன்னார்கள் என்று பதில் வந்தால் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருப்பார். நாம் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வரும்வரை அந்த மூடியைத் திறக்கமாட்டார். திட்டு வாங்குவது இதைவிடச் சுலபம் என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

புரோகிராம் அனுப்புவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் பெட்டியில் இருப்பதை நகல் எடுத்து இரண்டு இடத்தில் வைக்க வேண்டும். அடுத்து பம்பு ஹவுஸுக்குப் போன் செய்து ஆபரேட்டரைக் கன்ட்ரோலர் இருக்கும் பேனல் முன்னால் நிற்கச் சொல்ல வேண்டும். மூன்றாவது, “ஆள் யார் யார், எங்கெங்க இருக்காங்க?” என்று கேட்டு, அவர் சொல்லும் பெயர்களைத் தாளில் எழுத வேண்டும். அதன் பிறகுதான் பட்டனை அமுக்கலாம். எல்லாம் சரியா என்று கேட்கக் கூடாது; கேட்டால் யாரும் சரி என்றுதான் சொல்லுவார்கள், ஆகவே பெயரைக் கேள் என்பார். இந்த மூன்றும் ஒவ்வொரு தடவையும் நடக்க வேண்டும்.

அவரோடு நான் ஒரே ஒரு தடவை மல்லுக்கு நின்றிருக்கிறேன். ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே உள்ள பம்பு ஹவுஸுக்குப் புதுப் பேனல் செய்த சமயம் அது. அங்கே ஆற்றிலிருந்து ஒரு வாய்க்கால் வரும். வாய்க்கால் முடிவில் இரும்புக் கம்பித் தடுப்பு. அதைத் தாண்டினால் கிணறு. கிணற்றிலிருந்து மோட்டார் இழுக்கும். கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டாரை நிறுத்துவதற்கு மிதவை சுவிட்ச் ஒன்று உண்டு. அதைக் கன்ட்ரோலரோடு சேர்த்துவிடலாம், புரோகிராமில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன் நான். அவர் மாட்டேன் என்றார். “இது மோட்டாருக்குப் போற வயர்லேயே இருக்கட்டும் வே. மிதவை தொங்குனா மோட்டார் சாகணும். மறுபடி ஓடணும்னா ஒரு மனுசன் வந்து கையால பட்டனை அமுக்கணும். ஒம்ம புரோகிராம்கிட்ட அது யோசனை கேக்க வேண்டாம்.” பழைய காலத்து ஆள் என்று நான் மனதுக்குள் சிரித்தேன்.

இனி என் கெட்டிக்காரத்தனத்துக்கு வருகிறேன்.

மழைக்காலம் முடிந்தால் ஆற்றில் அமலைச் செடி, அதாவது ஆகாயத்தாமரை, கூட்டம் கூட்டமாக மிதந்து வரும். வாய்க்காலுக்குள் புகுந்து கம்பித் தடுப்பில் பாய் போட்டது மாதிரி அப்பிக்கொள்ளும். இசக்கிமுத்து என்று ஒரு தொழிலாளி, ஆழ்வார்திருநகரிக்காரர், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நெஞ்சளவு தண்ணீரில் இறங்கி அதை அரிவாளால் அறுத்து எடுப்பார். அந்த நேரம் மோட்டார் ஓடினால் தண்ணீர் அவரைக் கம்பியோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அதனால் ஆள் இறங்கும்போது மெயின் சுவிட்சை இறக்கி, பூட்டி, சாவியை இறங்குகிற ஆளே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஆனால் மெயினை இறக்கினால் எல்லாம் அணைந்துவிடும். குழாயில் மறுபடி தண்ணீர் நிரப்பி மோட்டாரைக் கிளப்ப ஒரு மணி நேரம் ஆகும். கடைசி ஊர்களுக்குத் தண்ணீர் போய்ச் சேராது. குடத்தோடு நிற்கிறவர்கள் போனிலேயே வறுத்து எடுப்பார்கள்.

ஆபரேட்டர் வேலாயுதம் ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “பாய், மெயினைத் தொடாம மோட்டாரை மட்டும் பிடிச்சு வைக்க ஒரு வழி செஞ்சு தாங்களேன். ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

நானும் செய்து கொடுத்தேன். பேனல் திரையில் ‘ஆள் உள்ளே’ என்று ஒரு கட்டம். விரலால் தொட்டால் பச்சையில் டிக் விழும். டிக் இருக்கும்வரை மோட்டார் கிளம்பாது. பத்து நிமிட வேலை. சங்கரலிங்கம் சாரிடம் கேட்கவில்லை. கேட்டால் வயர் இழுக்கச் சொல்லுவார் என்று தெரியும். பம்பு ஹவுஸில் அதற்குப் ‘பாய் டிக்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. “பாய் டிக்கு போட்டாச்சா?” என்று கேட்டுவிட்டு இசக்கிமுத்து இறங்குவார். மெயின் சுவிட்சின் பூட்டு துருப்பிடித்தது. நான் போகும்போதெல்லாம் எனக்கு இளநீர் வெட்டித் தருவார்கள். ஆறு வருடம் அந்த இளநீரைச் சந்தோஷமாகக் குடித்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு எட்டு மாதம் இருக்கும்போது புது வெர்ஷன் வந்தது. ஆசைப்பட்டு யாரும் ஏற்றவில்லை. புதிதாக வாங்கிய லேப்டாப்களில் பழைய வெர்ஷன் நிற்கவில்லை, அவ்வளவுதான். பழைய புரோகிராம்களை ஒவ்வொன்றாகப் புதுசுக்கு மாற்றி அனுப்பினோம். முதல் நாளிலிருந்தே தொல்லை. பெரிய புரோகிராமைத் திறந்தால் திரை வெளுத்துப் போய் நிற்கும். நாம் தட்டியது எதுவும் அதன் காதில் விழாது. சில சமயம் தானாகவே மூடிக்கொள்ளும். ஒரு தடவை அனுப்ப வேண்டியதை மூன்று தடவை அனுப்பினோம். மூன்று தடவையும் போன் செய்து, மூன்று தடவையும் பெயர் எழுத வேண்டும். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒழுங்காக ஓடுகிற மென்பொருளுக்கு என்று எழுதின முறை இது என்று முணுமுணுத்துக்கொண்டேன்.

ஸ்ரீவைகுண்டம் பம்பு ஹவுஸின் முறை வந்தது. ஆபீஸிலிருந்தே லைன் வழியாக அனுப்பிவிடலாம். காலை பத்து மணிக்கு வேலாயுதத்துக்குப் போன் போட்டேன். மேல்நிலைத் தொட்டி நிறைந்து மோட்டார் ஓய்ந்திருக்கிறது என்றார். பேனல் முன்னால் அவர், வெளியே வேப்பமரத்தடியில் இசக்கிமுத்து. எழுதிக்கொண்டேன். அனுப்பினேன். கால்வாசியில் மென்பொருள் மூடிக்கொண்டது. மறுபடி போன் செய்தேன், மறுபடி எழுதினேன். இந்தத் தடவை அனுப்புவதற்கு முன்பே வெளுத்துவிட்டது. லேப்டாப்பை அணைத்துப் போட்டு, டீ குடித்து, அது ஏதோ அப்டேட் செய்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பதினொன்றரை தாண்டிவிட்டது.

மூன்றாவது தடவை திறந்தபோது ஒன்றும் தொங்கவில்லை. வழவழவென்று ஓடியது. இது மறுபடி முரண்டு பிடிப்பதற்குள் அனுப்பிவிட வேண்டும் என்ற ஒரே நினைப்பு. மோட்டார் ஓடுகிறதா என்று திரையில் பார்த்தேன். ஓடவில்லை. நல்லதாகப் போயிற்று, இன்னும் ஓய்ந்துதான் இருக்கிறது என்று பட்டனை அமுக்கினேன். போன் செய்யவில்லை.

தொட்டி காலியாகி அரை மணி நேரம் ஆகியிருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய நேரம் அது. ஓடாததற்குக் காரணம், டிக் போட்டிருந்தது. என் கண் முன்னால் திரையில் தொட்டி மட்டத்தின் எண்ணும் இருந்தது, மோட்டார் ஓடாத நிலையும் இருந்தது. நான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

அனுப்பும் கோடு பாதியைத் தாண்டியதும் நின்றது. திரை வெளுத்தது. அப்போது என் போன் அடித்தது. வேலாயுதம்.

“பாய், நீங்க ஏதும் செய்யுதீயளா? திரையில எல்லாம் கட்டங்கட்டமா அழிஞ்சு கெடக்கு. பாய் டிக்கைக் காணல. இசக்கி உள்ள நிக்கான்.”

அனுப்பும்போது பெட்டி நின்றுவிடும். அனுப்பி முடியும்வரை மோட்டாரும் நிற்கும். ஆனால் இந்தப் புது வெர்ஷனில் அனுப்பி முடிந்ததும் பெட்டி தானாகவே ஓட ஆரம்பிக்கும். ஓட ஆரம்பித்ததும் தொட்டியைப் பார்க்கும். தொட்டி காலி. டிக் இல்லை.

“மெயினை இறக்குங்க” என்றேன். அதற்குள் அவர் போனை மேஜையில் வைத்துவிட்டு ஓடிவிட்டார். “ஏலே இசக்கி, ஏறிருலே” என்று அவர் கத்துவது வாசலைத் தாண்டி, தூரமாகப் போய், கேட்காமல் போனது. பக்கத்தில் இருந்த மெயினை விட்டுவிட்டு ஆளைத் தேடி ஓடியிருக்கிறார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆறு வருடமாக அந்த மெயினைத் தொட வேண்டாம் என்று பழக்கியவன் நான்.

போனில் காலி அறை. ஒரு மின்விசிறி சுற்றுகிற சத்தம். லேப்டாப்பில் எதைத் தட்டினாலும் அசையவில்லை. லைனைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று தெரியாது; பிடுங்காவிட்டால் என்ன ஆகும் என்று தெரியும். கை கேபிளுக்குப் போகும், திரும்பி வரும். யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. அப்போது கோடு துள்ளி முடிவுக்குப் போனது. அனுப்பியாயிற்று, ஓடுகிறது என்று பச்சையில் ஒரு வரி. முப்பது நொடித் தாமதம் கழித்து மோட்டார் கிளம்பும். அந்த முப்பதை எழுதியவனும் நான்தான். நிறுத்து என்ற பட்டனை மவுஸால் குத்தினேன். திரை மறுபடி வெளுத்துவிட்டது.

போனில் பேனல் ‘டக்’ என்று தட்டியது. பிறகு மோட்டார் முனகி, சுருதி ஏறி, முழு வேகத்துக்குப் போனது. முப்பது வருடமாகக் கேட்ட சத்தம்தான். அன்றைக்கு அதைக் கேட்டபடி மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எப்போது வந்தாரோ, சங்கரலிங்கம் சார் பக்கத்தில் நின்றார். “இசக்கி வாய்க்கால்ல நிக்கான் சார்” என்றேன். அவர் என் போனின் ஸ்பீக்கரைப் போட்டு மேஜையில் வைத்தார். இரண்டு பேரும் அந்த மோட்டாரைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அவர் உதடு அசைந்தது. அவரும் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எவ்வளவு நேரம் என்று பிறகு பதிவில் பார்த்தேன். இரண்டு நிமிடம்கூட இல்லை. எனக்கு அது முடியவே இல்லை.

மோட்டார் நின்றது.

தானாக நின்றது. பாதி அறுத்த அமலையும் ஒரு மனித உடம்பும் கம்பியை அடைத்துக்கொண்டதால் கிணற்றுக்குள் தண்ணீர் வரவில்லை. இருந்த தண்ணீரை மோட்டார் இழுத்துத் தீர்த்தது. மிதவை தொங்கியது. வயரில் கரண்ட் அறுந்தது. நான் சிரித்தேனே, அந்த வயர்.

இன்னும் கொஞ்ச நேரம் கழித்துப் போனில் மூச்சு வாங்கும் சத்தம் வந்தது. “பாய். ஏத்தியாச்சு. கயிறு இருந்ததால தலை தண்ணிக்கு மேல நின்னுது. கால் நல்லாக் கிழிஞ்சு தொங்குது. உசுரு இருக்கு.” அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு அழுதேன். ஆபீஸில் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அழுதேன்.

மறுநாள் எல்லாருக்கும் காரணம் கிடைத்துவிட்டது. பழைய வெர்ஷனில் சின்ன மாற்றம் என்றால் பெட்டியை நிறுத்தாமலே அனுப்பலாம், உள்ளே உள்ள டிக் அப்படியே இருக்கும். புது வெர்ஷன் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு அனுப்புகிறது. ஆகவே குற்றம் புது வெர்ஷன் மேல். குடிநீர்த் திட்டக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். வேலாயுதம் ஒத்துக்கொண்டார். எனக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். அறிக்கையை அப்படியே எழுதி முடித்தேன். கையெழுத்து மட்டும் பாக்கி.

சங்கரலிங்கம் சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அறிக்கையைப் படித்தார். “பழைய வெர்ஷனா இருந்தா டிக் நின்னுருக்கும்கீரு. நீரு கண்ணால பாத்தீரா?”

பார்க்கவில்லை. அவர் பேனாவை மூடினார்.

எழுந்துபோய் அலமாரியிலிருந்து உபரியாக இருந்த கன்ட்ரோலரை எடுத்தேன். பழைய லேப்டாப், பழைய வெர்ஷன், பழைய புரோகிராம். டிக் போட்டேன். பச்சை. பெட்டி நின்று மறுபடி ஓடினால் டிக் நிற்கிறதா என்று பார்க்க, அதன் கரண்டைப் பிடுங்கி, பத்து எண்ணி, மறுபடி செருகினேன்.

டிக் இல்லை.

மறுபடி செய்தேன். இல்லை. கரண்ட் போனாலும் நினைவில் வைத்துக்கொள் என்று அந்தக் கட்டத்துக்கு நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வரி. பத்து நிமிட வேலை என்று பெருமைப்பட்டேனே, அந்தப் பத்து நிமிடத்தில் அந்த வரியை விட்டிருந்தேன். பம்பு ஹவுஸில் பெட்டிக்கு ஒரு பேட்டரி உண்டு. கரண்ட் கட்டானாலும் அது தாங்கிக்கொள்ளும். அந்த ஒரு பேட்டரி மேல்தான் ஆறு வருடமும் ஆள் இறங்கியிருக்கிறது. நடுவில் இரண்டு தடவை பேட்டரி செத்து மாற்றியிருக்கிறோம். அது செத்த நேரத்தில் யாரும் தண்ணீரில் இல்லை, அவ்வளவுதான். எத்தனை தடவை பிடுங்கிச் செருகினேன் என்று தெரியாது. சார் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாத்தேன் சார்” என்றேன்.

“அப்போ அதையே எழுதும்.”

எழுதினால் போலீஸ் வருமா, எட்டு மாதத்தில் மரியாதையாக வீட்டுக்குப் போக விடுவார்களா, மேலப்பாளையத்தில் பிள்ளைகள் முகத்தில் விழிக்க முடியுமா என்று எல்லாப் பயமும் ஒரே நேரத்தில் வந்தது. கிழித்துப் போட்டு வேறு எழுதினேன். கீழே என் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவரும் போட்டார். போலீஸ் வரவில்லை. டிக்கை எடுத்துவிட்டு மெயின் சுவிட்சுக்குப் புதுப் பூட்டு போட்டார்கள். ரம்யா, புது வெர்ஷன் மோசமானதுதான், அதில் சந்தேகம் இல்லை. பழைய லேப்டாப்பை எடுத்துத் திரும்புவதென்றால் திரும்பு. ஆனால் பழசில் நன்றாக ஓடியது எல்லாம் நன்றாக எழுதியது என்று மட்டும் நம்பிவிடாதே. ஒவ்வொன்றையும் மேஜையில் வைத்துக் கரண்டைப் பிடுங்கிப் பார்.

அறிக்கை கொடுத்த மறுநாள் ஆழ்வார்திருநகரிக்குப் போனேன். தனியாகத்தான் போனேன். இசக்கிமுத்து கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்காலிலிருந்து பாதம்வரை கட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். “வாங்க பாய். வேலாயுதம் அண்ணாச்சி எல்லாம் சொன்னாவ. நீங்க ஆபீஸ்லேந்தே மோட்டாரை நிறுத்திட்டியளாமே.” அவர் மனைவி ஒரு டம்ளரில் கலர் சோடா கொண்டு வந்து கொடுத்துவிட்டு, “ஒங்க பிள்ளையள் நல்லா இருக்கணும்” என்று கும்பிட்டார்.

“நான் நிறுத்தல இசக்கி” என்றேன். “ஓட விட்டதுதான் நான்.”

எல்லாவற்றையும் சொன்னேன். போன் செய்யாததை, டிக்கை, பேட்டரியை, மேஜையில் பிடுங்கிப் பார்த்ததை. முடித்த பிறகு, “அப்போ அந்தப் பேட்டரி போயிருந்தாலும் டிக்கு போயிருக்குமா?” என்று கேட்டார்.

“போயிருக்கும்.”

“இந்த ஆறு வருசமுமா?”

“ஆறு வருசமும்.”

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் வந்திருந்தேன். அவர் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“எனக்குக் காய்ச்சல்னா எம் மவன்தான் எறங்குவான் பாய். மொத தடவ அவன் பயந்துட்டு நின்னான். பாய் டிக்கு போட்டிருக்கு, எறங்குலேன்னு நாந்தான் தோளைப் பிடிச்சு எறக்கிவிட்டேன்.”